கவரில் இருந்த இரண்டாவது தாள்

கண்ணு,

உன் வேலை உத்தரவு வந்த கவரில் இரண்டு தாள்கள் இருந்தன. நீ பார்த்தது ஒன்றுதான். தபால்காரர் வந்தபோது நீ ஏரிப் பக்கம் போயிருந்தாய். உன் பெயருக்கு வந்த கவரை நான் பிரித்தேன். பிரித்தது தப்புதான், ஆனால் இது எனக்கு இன்று நேற்று வந்த பழக்கமில்லை. உள்ளே மடித்து வைத்திருந்த சின்னத் தாளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பெரிய தாளை மட்டும் திரும்ப வைத்து, சோற்றுப் பருக்கையால் கவரை ஒட்டி, நீ வந்ததும் ஒன்றும் தெரியாதவன்போல் நீட்டினேன். ஆலையில் லேபர் ஆபீசர் வேலை, வரும் திங்கட்கிழமை சேர வேண்டும் என்று நீ உரக்கப் படித்தாய். உன் அம்மா கேசரி கிளறினாள். நான் அதைத் தொடவில்லை. "உங்களுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? கேசரியிலயுமா?" என்று நீ கேட்டாய். நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டேன். அந்த இரண்டாவது தாளில் என்ன இருந்தது என்பதை நீ திங்கட்கிழமைக்குள் தெரிந்துகொள்ள வேண்டும். நேரில் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன். ஊர் ஊராக மேடை ஏறி மணிக்கணக்கில் பேசியவனுக்குப் பெற்ற பிள்ளையிடம் பேச நாக்கு எழவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சந்தேகம் ஒரு வியாதி என்று நீ உன் அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. வியாதி இல்லையடா, அது என் தொழில். ஓசூரிலிருந்து எல்லை தாண்டி அந்தப் பக்கத்து நகரத்தில், இப்போது உன்னைக் கூப்பிடும் அதே நூற்பாலையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தீபாவளிக்கு ஆளுக்கு ஒரு பொட்டலம் இனிப்பு கொடுத்தார்கள். வாங்கியதற்கு அடையாளமாக ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தாளின் மேல்பாதி காலியாக இருந்தது. எழுதத் தெரிந்தவன் கையெழுத்துப் போட்டான், தெரியாதவன் கைநாட்டு வைத்தான். பொங்கலுக்கு முன் அதே தாளின் மேல்பாதியில் நாங்கள் எல்லோரும் ராத்திரி ஷிப்டுக்குச் சம்மதித்ததாக எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டினார்கள். என் கையெழுத்து மூன்றாவதாக இருந்தது. அன்றிலிருந்து யாராவது இனிப்பு நீட்டினால் நான் முதலில் அவர்களுடைய மறு கையைத்தான் பார்க்கிறேன். நீயும் பார். பார்ப்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

ஆனால் இந்தப் பழக்கம் எங்கே போய் முடியும் என்பதையும் நீ அறிவாய். ஆறாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்து ஒரு பேனா வாங்கி வந்தாய். பரிசு வழங்கியவர் ஆலைக் கணக்கர் என்று தெரிந்ததும், என்னை வளைக்கத்தான் உன்னை ஜெயிக்க வைத்தார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன். நீ அழுதுகொண்டே போனாய். நீ நிஜமாகவே ஓடி ஜெயித்திருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதற்கு நான் இதுவரை உன்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

திம்மராயனை உனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கலாம். சூளகிரிக்காரன். வீட்டில் தெலுங்கு, ஆலையில் கன்னடம், என்னோடு தமிழ். நம் வீட்டுக்கு வந்தால் களி உருண்டையை உன் வாயில் திணித்துச் சிரிப்பானே, அவன்தான். நான் சங்கச் செயலாளர், அவன் பொருளாளர். எங்கள் சங்கத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. நிர்வாகத்தோடு பேச எவனும் தனியாகப் போகக்கூடாது, இரண்டு பேராகத்தான் போக வேண்டும். ஒருவன் பேசுவான். மற்றவன் வாயே திறக்கமாட்டான். எதிரில் இருப்பவர்களின் முகத்தையும் கையையும் பார்த்துக்கொண்டே இருப்பான். போவதற்கு முன் வாசலிலேயே வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போவோம், உள்ளே அவர்கள் கொடுக்கும் காப்பி வேண்டியிருக்காது. நான் பேசுகிறவன், திம்மராயன் பார்க்கிறவன். வெளியே வந்ததும் "அண்ணா, ரெண்டாவதா சொன்னாரே அது பொய். கண்ணாடிய கழட்டித் தொடைச்சாரு பாருங்க" என்பான். பதினோரு வருஷம் அவன் கண்ணை நம்பித்தான் நான் பேசினேன். கைதட்டல் என்னவோ எனக்குத்தான் கிடைத்தது.

ஆலைத் தொழிலாளர்கள் இருந்த வார்டில் நின்று கவுன்சிலர் ஆனேன். வாரத்தில் ஆறு நாள் என் ஜாகை அங்கேதான், நம் வீட்டுக்கு நான் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. மொழிவாரியாக மாநிலம் பிரித்த சமயம் அது. ஓசூர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று டீக்கடைக்கு டீக்கடை சண்டை. அங்கே என்னை எல்லைக்கு அந்தாண்டை ஆள் என்பார்கள், இங்கே வந்தால் பட்டணத்தான் என்பார்கள். அப்படிப்பட்ட என்னை அந்த வருஷம் மேயர் பதவிக்கு நிற்கச் சொன்னது யார் தெரியுமா? ஆலை முதலாளியின் மைத்துனர். அவரும் கவுன்சிலர். என் சங்கத்தை உடைக்க எட்டு வருஷம் பாடுபட்டவர். அவருடைய கோஷ்டி மொத்தமும் எனக்குக் கை தூக்கியது. தபால்காரன் கொடுக்கும் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவன் நான், அன்று அந்தக் கைகளை எண்ணிப் பார்த்துப் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷ உழைப்புக்கு எதிரியே தலைவணங்கிவிட்டான் என்று நினைத்தேன். திம்மராயன் மட்டும் வாழ்த்துச் சொல்லவில்லை. "பேடா அண்ணா" என்றான். கோபமோ பயமோ வந்தால் அவனுக்குக் கன்னடம்தான் வரும். "வேணாம். அவரு கை தூக்கறப்ப உங்கள பாக்கல. செவுத்துல இருந்த கடியாரத்த பாத்துகிட்டிருந்தாரு. எதுக்கோ நேரம் பாக்கறாரு." அவனுக்குப் பொறாமை என்று எனக்குப் பட்டது. கண்ணு, என் சந்தேகம் அன்று முதல்முறையாக அதுவரை பார்க்காத திசையில் திரும்பியது.

எதற்கு நேரம் பார்த்தார் என்பது இரண்டு மாதத்தில் தெரிந்தது. நகரத்துத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்தார்கள். மலக்கூடையைத் தலையில் சுமக்கிறவர்கள் அவர்கள். கூடைக்குப் பதில் தள்ளுவண்டி, காலுக்குச் செருப்பு, வேலை நிரந்தரம், வேறொன்றும் கேட்கவில்லை. அந்த நோட்டீஸ் வரப்போகிறது என்பது மைத்துனருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அவருடைய ஆள் மேயராக இருந்து அந்த வேலைநிறுத்தத்தை ஒடுக்கினால், ஆலைத் தொழிலாளர்கள் துணைக்கு வெளியே வந்துவிடுவார்கள். என்னைப்போல் சங்கக் கொடி பிடித்த ஒருவன் ஒடுக்கினால் ஆலை வாய் திறக்காது. இந்தக் கணக்கு எனக்கு இன்று தெளிவாகத் தெரிகிறது. அன்று தெரியவில்லை என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் கொஞ்சம் தெரிந்துதான் இருந்தது.

அவர்களுக்குத் தலைவி எல்லம்மா என்று ஒரு பெண். மேயர் அறைக்குள் வந்தவள், நான் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "மேயரு அய்யா, நீங்களும் கொடி புடிச்ச ஆளுதானே. உங்க காலத்துல எங்களுக்கு விடியும்னு எங்காளுங்க பேசிக்கறாங்க" என்று சொல்லி ஒரு தாளை மேஜையில் வைத்தாள். கோரிக்கைகள் அழகாக டைப் செய்யப்பட்டிருந்தன. தாளைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. வரிக்கு வரி ஓர் எழுத்து மட்டும் மற்றவற்றைவிட மேலே ஏறி நின்றது. அது எங்கள் சங்கத்து டைப் மெஷின். அதை வாங்கிய நாளிலிருந்து அந்த எழுத்து அப்படித்தான் விழும். அதைத் தட்டத் தெரிந்தவன் திம்மராயன் ஒருவன்தான். ஆக, என் ஆளே என் முதுகுக்குப் பின்னால் நோட்டீஸ் அடித்துக் கொடுத்திருக்கிறான்! எனக்குத் தலை சூடாகிவிட்டது. எழுதத் தெரியாத ஜனங்களுக்கு எழுதிக் கொடுப்பதுதானே எங்கள் சங்கத்து வழக்கம், நானே எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்பதெல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. "யார் தூண்டிவிட்டது?" என்று எல்லம்மாவைக் கேட்டேன். "பசிதான் அய்யா" என்றாள். முதலாளிகள் என்னிடம் கேட்கிற கேள்வியை நான் ஒரு பெண்ணிடம் கேட்டிருக்கிறேன் என்பது அவள் போன பிறகும் எனக்கு உறைக்கவில்லை.

மேயர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு உண்டு. மறுநாள் முழுக்கத் திம்மராயன் அதில் உட்கார்ந்திருந்தான். அய்யாவுக்கு வேலை இருக்கிறது என்று சொல்லச் சொல்லி, அறை வாசலில் நிற்கும் சேவகன் டவாலியிடம் சொல்லியிருந்தேன். உள்ளே எனக்கு எதிரில் மைத்துனர் உட்கார்ந்திருந்தார். நான் தனியாகத்தான் இருந்தேன். காப்பி வந்தது, குடித்தேன். நல்ல காப்பி. "இந்த வருஷம் உங்க பக்கம் மழையே இல்லையாமே, பாவம். நாலு பேருக்கு வேலை கொடுத்த புண்ணியம் உங்களுக்கு வரட்டும்" என்றார். சூளகிரியிலும் காவேரிப்பட்டினத்துப் பக்கத்திலும் மேஸ்திரிகளை வைத்து ஆள் சேர்த்து லாரியில் கொண்டு வருவது, வேலைநிறுத்தம் தொடங்கும் நாளில் அவர்களை இறக்கிவிடுவது என்று ஏற்பாடு. மேயர் நம்ம ஊர்ப் பக்கத்து ஆள் என்றால் ஜனங்கள் கேள்வி கேட்காமல் ஏறுவார்கள் என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை தாளை முழுக்கப் படித்துவிட்டுத்தான் போட்டேன்.

லாரி வரவேண்டிய அன்று காலை, சூளகிரியில் திம்மராயன் வண்டிகளை மறித்துக்கொண்டு நிற்கிறான் என்று தகவல் வந்தது. கொடி கட்டிய காரில் கிளம்பினேன். எல்லைச் சாவடியில் மதுவிலக்குப் போலீஸ்காரன், சாராயம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, மேயர் என்றதும் சல்யூட் அடித்தான். சூளகிரியில் சந்தை நாள். புளியமரத்தடியில் இரண்டு லாரிகள், ஆணும் பெண்ணுமாகப் பத்து இருபது குடும்பங்கள். பாதிப் பேர் மேலே ஏறிவிட்டார்கள், பாதிப் பேர் மூட்டையோடு கீழே நிற்கிறார்கள். எல்லோரும் மழை பொய்த்த குடியானவர்கள். அவர்களிடம் மேஸ்திரி ரோடு வேலை என்று சொல்லியிருக்கிறான். "ரோடு வேல இல்லீங்க. அங்க வேல செய்யறவங்க ஸ்ட்ரைக்குல இருக்காங்க. அவங்க வாயில மண்ணு போடத்தான் உங்கள கூட்டிட்டுப் போறாங்க. பீக்கூட சொமக்கணும், சொல்லிட்டேன்" என்று திம்மராயன் தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தான். ஜனங்களுக்கு யாரை நம்புவது என்று புரியவில்லை.

என் கார் நின்றதும் சத்தம் அடங்கியது. கீழே நின்றவர்களில் ஒரு குடியானவர், தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "அய்யா, நீங்க நம்ம பக்கத்து ஆளு. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. இது ரோடு வேலையா, இவரு சொல்ற வேலையா? நீங்க சொல்றத வச்சு நாங்க ஏறறோம், இல்லாட்டி வூட்டுக்குப் போறோம்." அவருக்குப் பின்னால் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். திம்மராயனும்தான். பதினோரு வருஷம் எதிரிகளின் முகத்தைப் பார்த்த அந்தக் கண் அன்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. என்னைச் சந்தேகப்பட இவன் யார் என்று கோபம் வந்தது. "நல்ல வேலைதான், ஏறுங்க" என்றேன்.

அவர்கள் ஏறினார்கள். திம்மராயன் லாரி முன்னாலிருந்து ஒதுங்கி வழிவிட்டான். ஏறும்போது ஒரு பெண்ணின் மூட்டை நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுத்துப் புழுதியைத் தட்டி மேலே நீட்டினான். பிறகு சந்தைக் கூட்டத்துக்குள் போய்விட்டான். அவன் என்னை நாலு பேர் முன்னால் வைதிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

வேலைநிறுத்தம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. எல்லம்மா தெருவில் மலக்கூடையைப் போட்டு உடைத்தாள். அதற்காக அவளை வேலையிலிருந்து நீக்கிய உத்தரவும் என் கையெழுத்தில்தான் போனது. லாரியில் வந்தவர்களைக் காரியம் முடிந்ததும் திருப்பி அனுப்பினார்கள். திரும்பிப் போக லாரி இல்லை, நடந்தே வந்தார்கள். அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்பது அவர்களுக்கு முன்பே ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மலம் அள்ளியவர்கள் என்று ஊர்க் கிணற்றில் அவர்களைத் தண்ணீர் சேந்த விடவில்லை. என்னிடம் கேட்ட அந்தக் குடியானவர் நிலத்தை வந்த விலைக்கு விற்றுவிட்டுச் சாமல்பட்டியில் ரயில் ஏறி எங்கேயோ போய்விட்டாராம். அந்த வேலையை எல்லம்மாவின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறதே என்று எந்த ஊரும் வெட்கப்பட்டதில்லை. நான் உட்பட.

என் பதவிக் காலம் முடிந்த அன்று டீ பார்ட்டி வைத்தார்கள். ஆலை வாசலில் என்னைப் பார்த்த தொழிலாளர்கள் கும்பிடாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மைத்துனர் மட்டும் என் தோளில் கை போட்டு, "பையன் என்ன படிக்கிறான்?" என்று கேட்டார். சொன்னேன். "முடிச்சதும் நம்ம கிட்ட விட்டுடுங்க" என்றார். நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூன்று வருஷமாக அந்தப் பேச்சு மறந்துபோயிருக்கும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உன் கவரில் இருந்த இரண்டாவது தாள் அவர் கைப்பட எனக்கு எழுதியது. ஒரே வரி. 'சூளகிரி உதவியை நாங்கள் மறக்கவில்லை.' அதை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். இப்போது தெரிகிறதா? நீ நன்றாகப் படித்தாய், யார் கையையும் எதிர்பார்க்காமல் பாஸ் செய்தாய், அதை நான் இப்போது முழுக்க நம்புகிறேன். ஆனால் இந்த உத்தரவு அந்தப் படிப்புக்கு வந்ததில்லை. அந்த மேஜைக்குப் பின்னால் உன்னை உட்காரவைத்துவிட்டு, நாளைக்குத் தொழிலாளர்கள் வந்து நின்றால், இவன் யார் மகன் தெரியுமா, இவனும் எங்கள் ஆள்தான் என்று அவர்கள் காதில் ஓதுவார்கள்.

கேசரியைத் தொடாமல் அன்று எழுந்து போனேனே, பஸ் ஏறிச் சூளகிரிக்குத்தான் போனேன். திம்மராயன் இப்போது அங்கே சைக்கிள் கடை வைத்திருக்கிறான். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான். தாளைக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தான். முன்பெல்லாம் வாய்க்கு வாய் அண்ணா என்பான். அன்று ஒரு தடவைகூட வரவில்லை. "பையனுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான். இல்லை என்றேன். "எங்கிட்ட எதுக்கு வந்தீங்க? இத நான் அன்னிக்கே பாத்துட்டேன். தெரியாதவன் கிட்ட போய்ச் சொல்லுங்க" என்று தாளை மடித்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் டியூபை எடுத்துக்கொண்டான். கடை வாசலில் நான் நின்றுகொண்டே இருந்தேன். அவன் உட்காரச் சொல்லவில்லை.

அவன் சொன்னபடி உனக்குச் சொல்லிவிட்டேன். இதைப் படித்துவிட்டு உனக்கு என்மேல் வெறுப்பு வரலாம், வரட்டும். போகலாமா வேண்டாமா என்று நீ யோசிப்பாய். உன் அம்மாவைக் கேள், உன் சிநேகிதர்களைக் கேள், வேண்டுமானால் சூளகிரிக்குப் போய்த் திம்மராயனைக் கேள். என்னை மட்டும் கேட்டுவிடாதே. நீ நல்ல சம்பளத்தில், நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது. நீ வந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டால், நல்ல வேலைதான், போ என்று சொல்லிவிடுவேன்.

உன் அப்பா